எடைக்கழிவு: வடகடல் நண்டுக் கணக்கும் ஒரு மேலாண்மைப் படிப்பும்

வெள்ளைப்பலகையில் ‘31 சதவீதம்’ என்று எழுதி, அதன் அடியில் இரண்டு கோடும் போட்டாள் அந்த மாணவி. அவளுடைய அப்பா மண்டபத்துக்கு அருகே வடகடலில் நண்டு வலை விடுகிற நாட்டுப்படகு மீனவர். நண்டு வாங்குகிற ஏஜென்டிடம் அவர் முன்பணம் வாங்கியிருந்தார். அதற்கு வட்டியே கிடையாது என்றுதான் வீட்டில் எல்லோரும் நம்பியிருந்தார்கள். மகள் நிதி மேலாண்மைப் பாடத்தை ஒரு பருவம் படித்துவிட்டு, வட்டியில்லாத அந்தப் பணத்தின் விலை வருடத்துக்கு 31 சதவீதம் என்று கணக்குப் போட்டுக் காட்டினாள்.

கணக்கு சரிதான், சரிபார்த்தவன் நான். அந்த வாரக் கடைசியில் அவள் ஊருக்குப் போய் அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தாராம். ஏன் சிரித்தார் என்று விளங்கிக்கொள்ள அவளுக்கும் எனக்கும் ஏறக்குறைய நான்கு மாதம் பிடித்தது. இந்த நிகழ்வு ஆய்வு அந்த நான்கு மாதத்தையும், அதற்கு முன்னும் பின்னும் நடந்ததையும் பற்றியது.

நான் தென் மாவட்டத்தில் ஒரு தனியார் மேலாண்மைக் கல்வி நிறுவனத்தில் நிதிப் பாடம் எடுக்கிறேன். என் சம்பளம் மாணவர்கள் கட்டுகிற கட்டணத்திலிருந்துதான் வருகிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, பின்னால் அந்த நிறுவனத்தைப் பற்றிக் கொஞ்சம் குறை சொல்லப் போகிறேன். யார் பெயரும் இதில் இல்லை. ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, தொகைகளையும் முழு எண்ணாக்கியிருக்கிறேன். வகுப்பில் வைத்துப் பேசுவதற்கு அது போதும்.

டிகிரியா, டிப்ளமாவா?

பெண் பி.காம். முடித்தவள். எம்.பி.ஏ. நுழைவுக்கு டான்செட் எழுதினாள், மேட் தேர்வும் எழுதினாள். இரண்டிலும் சுமாரான மதிப்பெண். கையில் இரண்டு வழி இருந்தது. ஒன்று, மாவட்டத்திலேயே பொறியியல் கல்லூரியோடு ஒட்டி நடக்கிற எம்.பி.ஏ. துறை. இன்னொன்று, எங்கள் நிறுவனத்தின் முதுநிலை மேலாண்மை டிப்ளமாவான பி.ஜி.டி.எம்.

சேர்க்கை நாளன்று அவள் அப்பா என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “சார், இது டிகிரியா டிப்ளமாவா?” ஐடிஐ டிப்ளமா, பாலிடெக்னிக் டிப்ளமா எல்லாம் அவருக்குத் தெரியும். பட்டம் வாங்கிய பெண் மறுபடி டிப்ளமாவுக்கு ஏன் போக வேண்டும் என்பது அவர் சந்தேகம். நியாயமான சந்தேகம்தான்.

பட்டம் கொடுக்கிற அதிகாரம் நம் நாட்டில் பல்கலைக்கழகங்களுக்கும், சட்டம் மூலம் அந்த உரிமை பெற்ற நிறுவனங்களுக்கும்தான் உண்டு. எந்தப் பல்கலைக்கழகத்தோடும் இணையாமல் தனியே நிற்கிற மேலாண்மைப் பள்ளி, அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏஐசிடிஇ) ஒப்புதலோடு முதுநிலை டிப்ளமா மட்டும் தரலாம். மத்திய அரசின் மேலாண்மைக் கல்வி நிறுவனங்களான ஐஐஎம்களே பல பத்தாண்டுகள் டிப்ளமாதான் கொடுத்துவந்தன. 2017-இல் அவற்றுக்கென்று தனிச்சட்டம் வந்த பிறகுதான் பட்டம் கொடுக்கத் தொடங்கின. ஆகவே டிப்ளமா என்பதாலேயே மட்டம் என்று சொல்ல முடியாது. ஆனால் பின்னால் அரசு வேலைக்கோ முனைவர் பட்டத்துக்கோ போக நினைத்தால், அந்த டிப்ளமா எம்.பி.ஏ.வுக்கு நிகர் என்று இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கம் ஏற்றிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அவர் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஐஐஎம்ல குடுத்த டிப்ளமாவும் நீங்க குடுக்குற டிப்ளமாவும் ஒண்ணா சார்?” என்றார். நான் தண்ணீர் குடித்தேன்.

இந்தத் துறையில் தனியார் பங்கு புதிதல்ல. ஜாம்ஷெட்பூரில் சேசு சபையினர் எக்ஸ்.எல்.ஆர்.ஐ.யைத் தொடங்கியது 1949. முதல் இரண்டு ஐஐஎம்கள், கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும், வந்தது 1961. மதுரையில் கருமுத்து தியாகராசர் குடும்பத்தின் மேலாண்மைப் பள்ளி அதற்கு அடுத்த ஆண்டு. சென்னையில் லயோலாவின் லிபா 1979, மாமல்லபுரம் பக்கம் இருக்கிற கிரேட் லேக்ஸ் 2004. நடுவில் 1991-இல் பொருளாதாரத்தைத் திறந்துவிட்ட பிறகு ஊருக்கு ஊர் எம்.பி.ஏ. முளைத்தது. தொடக்க காலப் பள்ளிகள் ஆலைகளுக்கும் பெருநிறுவனங்களுக்கும் ஆள் தயாரிக்க வந்தவை. இன்றைய பெரும்பாலான பாடத்திட்டமும் அதே அச்சில் வார்த்ததுதான்.

சரி, பணம். இரண்டு வருடத்துக்கு ஆறு லட்சம், வருடத்துக்கு மூன்று. கல்விக்கடனில் ஏழரை லட்சம் வரை சொத்து அடமானம் கேட்பதில்லை என்பது வங்கிகளின் பொதுத் திட்டம். அந்த அளவு வரையிலான கடனுக்கு 2015 முதல் அரசின் உத்தரவாத நிதியும் உண்டு. இருந்தும் அவர்கள் போன வங்கிக் கிளையில் முதலில் கேட்டது வீட்டுப் பட்டா. கடற்கரை ஊர்களில் பட்டா இல்லாத வீடுகள் எத்தனையோ, இவர்களுடையதும் அதில் ஒன்று. மூன்று முறை அலைந்து, விதியை அச்சிட்டுக் கொண்டுபோய்க் காட்டி, நான்காவது முறை கடன் கிடைத்தது.

இதைப் படிக்கிற பெற்றோர் யாராவது இருந்தால் ஒன்று சொல்லிவிடுகிறேன். வகுப்பு தொடங்குவதற்கு முன் இடத்தை விட்டுவிட்டால், அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பது ஏஐசிடிஇ விதி. அசல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்ளவும் கூடாது. சேர்க்கை மேசையில் உட்கார்ந்திருப்பவர் இதை அவராகச் சொல்ல மாட்டார். நானும் சொன்னதில்லை.

வடகடல்

மண்டபம், பாம்பன் பக்கம் கடல் இரண்டு. பாக் விரிகுடாப் பக்கம் வடகடல், மன்னார் வளைகுடாப் பக்கம் தென்கடல். தென்மேற்குக் காற்றான கச்சான் வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகிழக்குக் காற்றான வாடை வந்தால் வடகடல். ஐப்பசி பிறந்து மழை பிடித்துவிட்டால் பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும். வலையைக் கரையில் போட்டுக் கிழிசல் தைத்துக்கொண்டிருப்பார்கள்.

விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. நாட்டுப்படகுக்கு அந்தத் தடை இல்லை. மற்ற நாட்களிலும் இழுவைமடி வலை போடுகிற விசைப்படகுக்குச் சில நாள், நாட்டுப்படகுக்குச் சில நாள் என்று முறை வைத்திருக்கிறார்கள். முறை தவறி வந்த மடி ஒரு இரவில் நண்டு வலையை வாரிக்கொண்டு போய்விடும். வலை போனால் அன்றைய பாடு (பிடிப்பு) மட்டும் போவதில்லை, அடுத்த வலை வாங்கும்வரை எல்லாப் பாடும் போகும்.

இங்கே கிடைப்பது நீலக்கால் நண்டு. சாயங்காலம் வலையை விட்டுவிட்டு விடியற்காலை எடுப்பார்கள். கரைக்கு வந்ததும் ஏஜென்ட் எடை போட்டு எடுத்துக்கொள்வார். அவரிடமிருந்து நண்டு கம்பெனிக்குப் போகும். அங்கே அவித்து, ஓட்டை உடைத்து, சதையைத் தனித்தனித் தரமாகப் பிரித்து எடுப்பது முழுக்கப் பெண்கள் வேலை. துடுப்புக்காலின் அடியில் இருக்கிற பெரிய சதைத் துண்டு உடையாமல் வந்தால்தான் உயர்ந்த தரம். அந்தப் பெண்ணின் அம்மாவும் அங்கேதான் வேலை பார்த்தார். டின்னில் அடைத்த சதை பெரும்பாலும் அமெரிக்காவுக்குக் கப்பலேறும். அப்பா பிடிக்கிறார், அம்மா உடைக்கிறார். நடுவில் இருக்கிற ஏஜென்டும் கம்பெனியும் என்ன விலைக்கு வாங்கி என்ன விலைக்கு விற்கிறார்கள் என்பது இரண்டு பேருக்கும் தெரியாது. விநியோகச் சங்கிலி என்று நாங்கள் படம் போட்டு அம்புக்குறி வரைகிறோமே, அதன் இரண்டு கண்ணிகள் ஒரே வீட்டில் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தன.

கணக்கு

ஏஜென்டிடம் வாங்கியிருந்த முன்பணம் 2 லட்சம். ஃபைபர் வத்தையும் (சின்னப் படகு) எஞ்சினும் வாங்கியபோது எடுத்தது. நிபந்தனை ஒன்றே ஒன்று, பிடிக்கிற நண்டையெல்லாம் அவரிடமே போட வேண்டும்.

முன்பணத்துக்குக் கை நீட்டாத மீனவருக்குக் கிலோ 380 கிடைக்கிற அன்று இவருக்கு 350. கிலோவுக்கு 30 ரூபாய் குறைவு. நாளுக்கு எட்டு கிலோ என்று வைத்தால் 240 ரூபாய். அப்புறம் எடைக்கழிவு. ‘நண்டு தண்ணி குடிச்சிருக்கும்’ என்று சொல்லி ஒவ்வொரு எடைக்கும் அரைக் கிலோவைத் தள்ளிவிடுவது வழக்கம். முன்பணம் வாங்காத ஆளின் நண்டு மட்டும் ஏனோ தண்ணீர் குடிப்பதில்லை. அந்த அரைக் கிலோ 175 ரூபாய். ஆக, ஒரு நாளைக்கு 415. வருடத்தில் 150 நாள் தொழில் என்றால் 62,250. இரண்டு லட்சத்துக்கு அது 31 சதவீதம்.

அவள் அதோடு நிற்கவில்லை. கிசான் கிரெடிட் கார்டு திட்டம் 2018–19-இலேயே மீனவர்களுக்கும் விரிக்கப்பட்டது. 7 சதவீத வட்டி, தவணை தவறாமல் கட்டினால் 4. அந்த வட்டிச் சலுகை இரண்டு லட்சம் வரை அவர்களுக்குப் பொருந்தியது. அதாவது அப்பாவுக்குத் தேவையான அதே தொகை. 4 சதவீதத்துக்குக் கிடைக்கிற பணம் இருக்கும்போது 31 சதவீதப் பணத்தை ஒரு மனிதர் ஏன் வைத்துக்கொண்டிருக்க வேண்டும்?

வகுப்பில் நாற்பது பேர் இருந்தார்கள். அறியாமை என்றான் ஒருவன். நிதி எழுத்தறிவு இல்லை என்றாள் இன்னொருத்தி. சுரண்டல் என்று நாலைந்து பேர். ஒரு செயலி உருவாக்கி மீனவர்களையும் கம்பெனியையும் நேரடியாக இணைத்துவிடலாம் என்று ஒரு குழு மறுநாளே பவர்பாயின்ட் கொண்டுவந்தது. எங்கள் வகுப்பில் எந்தப் பிரச்சினைக்கும் மூன்றாவது நாள் ஒரு செயலி வந்துவிடும்.

அப்பா ஏன் சிரித்தார்

நான் ஒரு சனிக்கிழமை அவர்கள் ஊருக்குப் போனேன். வலை பிரித்துக்கொண்டே பேசினார்.

“வட்டின்னா அது மாசா மாசம் வந்து கதவத் தட்டணும் சார். இது தட்டலையே. பாடு இருந்தா அவருக்குப் போகுது. பாடு இல்லன்னா அவரும் சும்மாதான இருக்காரு?”

இதைக் கேட்டதும் எனக்கு உடனே எதுவும் உறைக்கவில்லை. திரும்பி வரும்போது, உச்சிப்புளி தாண்டியதும்தான் பேருந்தில் உட்கார்ந்து பேப்பரில் போட்டுப் பார்த்தேன். வாடை நீண்டு, 60 நாள்தான் தொழில் என்று ஆகிவிட்ட வருடத்தில் ஏஜென்டுக்குப் போவது 24,900. அதாவது பன்னிரண்டரை சதவீதம். ஒரு நாளும் கடலுக்குப் போக முடியாவிட்டால் பூஜ்யம். வருமானம் ஏறினால் ஏறி, இறங்கினால் இறங்குகிற ஒரு செலவுக்கு வட்டி என்று பெயர் வைக்க முடியாது. முதலைத் திருப்பிக் கேட்கிற தேதியும் இல்லை. லாபம் வந்தால் மட்டும் பங்கு கேட்கிற முதலீட்டை நாங்கள் பாடத்தில் பங்குமுதல் என்று சொல்கிறோமே, இந்த முன்பணத்தின் நடத்தை அதற்குத்தான் நெருக்கம். மாணவி அதைக் கடனாக எண்ணி விலை போட்டிருந்தாள். கடனா பங்கா என்று பார்க்காமல் சூத்திரத்தை எடுத்தது அவள் தவறு மட்டுமில்லை, கற்றுக்கொடுத்த என் தவறும்தான்.

அடுத்த இரண்டு பயணங்களில் இன்னும் வந்தது. ஒரு இரவு பதினொரு மணிக்கு அம்மாவுக்கு நெஞ்சுவலி. 15,000 ரூபாயை ஏஜென்ட் ஒரு தாளில்கூட எழுதாமல் எடுத்துக் கொடுத்திருக்கிறார். கணக்கில் பிறகு சேர்த்துக்கொண்டார், அது வேறு விஷயம். மடி வாரிக்கொண்டு போன வலைக்குப் பதில் புது வலை அவர்தான் எடுத்துக் கொடுத்தார். எல்லாப் படகிலும் நண்டு குவிகிற நாளில், மற்ற ஏஜென்டுகள் ‘இன்னைக்குப் போதும்’ என்று கையை விரிக்கும்போது, இவருடைய நண்டை அவர் எடுத்தே ஆக வேண்டும். செத்த நண்டு ஒரு மணி நேரத்தில் விலை இழக்கும் வெயிலில் அந்தக் கட்டாயத்துக்கு ஒரு மதிப்பு உண்டு. காப்பீடு, அவசர நிதி, கொள்முதல் உறுதி என்று மூன்று தனித்தனி அலுவலகங்களில் வாங்க வேண்டியதை அவர் ஒரே ஆளிடம் வாங்கியிருந்தார். அந்த மூன்று அலுவலகத்திலும் இரவு பதினொரு மணிக்குப் பூட்டுத்தான் தொங்கும்.

நான்கு சதவீதக் கடனுக்கும் ஒரு முடிச்சு இருந்தது. வட்டிச் சலுகை வேண்டுமென்றால் வருடத்துக்குள் முதலோடு கட்டிவிட்டுத்தான் மறுபடி எடுக்க வேண்டும். கெடு தேதி வாடைக்காலத்தில் வந்து விழுந்தால், இரண்டு லட்சத்து எட்டாயிரத்தை ஒரே நாளில் எங்கே போய்ப் புரட்டுவது? “அன்னைக்கு இவருகிட்டயேதான் வந்து நிக்கணும் சார்,” என்றார். அப்போதும் சிரித்தார்.

ஏஜென்ட் நல்ல மனிதர், கதை முடிந்தது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மகள் அப்பாவிடம் திருப்பிக் கேட்டதும் சரியான கேள்விதான். நாலு வருடம் நல்ல தொழில் நடந்தால் 2,49,000 ரூபாய் போயிருக்கும், இரண்டு லட்சம் அப்போதும் அப்படியே நிற்கும். அதை அவரால் மறுக்க முடியவில்லை. ஆளை மாற்ற நினைத்தால் இன்னொரு ஏஜென்ட் வந்து அந்தப் பாக்கியைத் தீர்த்து இவரைத் தன் பக்கம் எழுதிக்கொள்ள வேண்டும். அதுவும் ஒரு கைமாற்றுதான்.

கடைசியில் அவள் செய்த பகுப்பாய்வுதான் இந்த ஆய்விலேயே சிறந்த பகுதி என்பேன். 31-ஐ அவள் இரண்டாகப் பிரித்தாள். விலையில் குறைகிற 30 ரூபாய்க்குப் பதிலாக ஏதோ கிடைக்கிறது. முன்பணம், இரவு உதவி, குவிந்த நாளில் கொள்முதல். அது 18 சதவீதம். அதிகம்தான், ஆனால் எதற்கு என்று சொல்ல முடியும். எடைக்கழிவான மீதி 13 சதவீதத்துக்குப் பதிலாகக் கிடைப்பது எதுவுமில்லை. பழக்கம், அவ்வளவுதான். பேரம் பேசுவதாக இருந்தால் அங்கே பேச வேண்டும்.

பள்ளி செய்ததும் செய்யாததும்

ஹார்வர்டு வணிகப் பள்ளி 1908-இல் தொடங்கியது. அங்கே முதல் கேஸ் (நிகழ்வு ஆய்வு) எழுதப்பட்டது 1921-இல், ஒரு காலணி நிறுவனத்தைப் பற்றி, ஒரே ஒரு பக்கம். நூறு வருடத்துக்குப் பிறகு எங்கள் நூலகத்தில் ஆயிரக்கணக்கான பக்கங்களுக்குக் கேஸ்கள் இருக்கின்றன. காபிக் கடை, விமான நிறுவனம், கார் கம்பெனி எல்லாம் உண்டு. மூன்று மணி நேர பஸ் தூரத்தில் இருக்கிற கடலைப் பற்றி ஒன்று இல்லை. நண்டு இல்லை, கருவாடு இல்லை, கடற்பாசி இல்லை. இந்தக் கடற்கரையில் கப்பாஃபைகஸ் பாசியை மூங்கில் மிதவையில் வளர்க்க, பெப்சி போன்ற பெரிய நிறுவனமே 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒப்பந்தம் போட்டு வந்தது, சில ஆண்டுகளில் விலகியும் போனது. ஏன் வந்தது, ஏன் போனது, மிதவை வைத்திருந்த பெண்கள் என்ன ஆனார்கள் என்று ஒரு பருவமே பாடம் நடத்தலாம். நாங்கள் நடத்தவில்லை.

சட்டம் தடுக்கிறது என்று சொல்லவும் வழியில்லை. பல்கலைக்கழகத்தோடு இணைந்த எம்.பி.ஏ. கல்லூரியில் பாடத்தை மாற்ற வேண்டுமென்றால் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டக் குழு கூட வேண்டும். தனித்து நிற்கிற பி.ஜி.டி.எம். பள்ளிக்கு அந்தத் தொல்லை கிடையாது. வருகிற பருவத்திலேயே கடல்சார் தொழில் என்று ஒரு தாளைச் சேர்க்கலாம். அந்தச் சுதந்திரத்துக்காகத்தானே பட்டத்தையே விட்டுவிட்டு டிப்ளமா கொடுக்கிறோம்? ஆனால் அதை வைத்து நாங்கள் கடைசியாகச் செய்தது, பழைய புள்ளியியல் தாளுக்கு ‘அனலிடிக்ஸ்’ என்று பெயர் மாற்றியதுதான்.

கோடைக்கால ப்ராஜெக்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும். எட்டு வாரம், ஏதாவது ஒரு நிறுவனத்தில். அவள் அந்த நண்டு ஏஜென்டிடமே இருந்து கணக்கைப் படிக்கிறேன் என்று கேட்டாள். அவரும் சம்மதித்திருந்தார். அலுவலகம் ஒத்துக்கொள்ளவில்லை, காரணம் லெட்டர்ஹெட். நிறுவனத்தின் தலைப்புத் தாளில் சான்றிதழ் வேண்டும், ஜிஎஸ்டி எண் வேண்டும், ஹெச்ஆர் கையெழுத்து வேண்டும். ஏஜென்டிடம் இருந்ததோ ஒரு தராசும், அழுக்கேறிய ஒரு நோட்டும், ஒரு கைப்பேசியும். ஆகவே அவள் ஒரு நிதி நிறுவனத்துக்குப் போனாள். அங்கே எட்டு வாரமும் காப்பீட்டுப் பாலிசி விற்கச் சொன்னார்கள். ஏழு பாலிசி விற்றாள், ஏழும் சொந்தக்காரர்களுக்கு. ஒன்றை வாங்கியவர் அப்பா. சான்றிதழ் பளபளவென்று வந்தது. சந்தை ஊடுருவல் உத்தி என்று தலைப்பு வைத்து அறிக்கை எழுதினாள், முதல் வகுப்பு மதிப்பெண்.

நண்டுக் கணக்கை என் பாடத்துக்கான தனிக்கட்டுரையாகத்தான் செய்ய முடிந்தது. மதிப்பிட வந்த வெளித் தேர்வாளர் ‘மாதிரி அளவு ஒன்று மட்டுமே’ என்று ஓரத்தில் எழுதி இருபதுக்குப் பதினொன்று போட்டார். நான் வாதாடிப் பார்த்தேன். பதிமூன்று ஆனது.

பள்ளி அவளுக்கு எதுவுமே கொடுக்கவில்லை என்று சொன்னால் அதுவும் பொய். எக்செலில் வரிசை போட்டு யோசிக்கக் கற்றாள். ஆங்கிலத்தில் பேசும்போது குரல் உள்ளே போவது நின்றது. வயதில் மூத்த ஆண்கள் இருக்கும் இடத்தில் ஒரு எண்ணைச் சொல்லி, அந்த எண்ணிலேயே நிற்கப் பழகினாள். முதல் பருவத்தில் ரோல் நம்பர் சொல்லவே எழுந்து தயங்கிய பெண் அவள். இதற்கு ஆறு லட்சம் பெறுமா என்று கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இரண்டு வேலை

இறுதிப் பருவத்தில் அவளுக்கு இரண்டு வேலை வந்தது. ஒன்று வளாகத் தேர்வில், சென்னையில் ஒரு தனியார் வங்கியில் விற்பனைப் பிரிவு. கையில் 32,000. மற்றொன்று வளாகத்துக்கு வெளியே. அவள் கட்டுரையை நான் காட்டியிருந்த ஒரு நண்டு கம்பெனிக்காரர், மண்டபத்தில் கொள்முதலைக் கவனிக்க ஆள் வேண்டும் என்றார். 20,000 தருவதாகச் சொன்னார். எங்கள் வேலைவாய்ப்புப் பிரிவு இதைப் பட்டியலில் சேர்க்கவே இல்லை. சராசரிச் சம்பளம் இறங்கிவிடுமாம்.

கடனைப் பார்ப்போம். 10 சதவீத வட்டி என்று கொள்வோம். படிப்புக் காலமும் அதற்குப் பிறகு ஒரு வருடமும் தவணை கட்டத் தேவையில்லை, ஆனால் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். முதல் வருட மூன்று லட்சத்துக்கு மூன்று வருட வட்டி 90,000. இரண்டாம் வருட மூன்று லட்சத்துக்கு இரண்டு வருட வட்டி 60,000. தவணை தொடங்குகிற அன்று ஆறு லட்சம் ஏழரை லட்சமாகி நிற்கும். பத்து வருடத்தில் அடைப்பதென்றால் மாதம் ஏறக்குறைய 9,900.

சென்னையில் 32,000-இல் விடுதியும் சாப்பாடும் 11,000, தவணை 9,900. மிச்சம் 11,100. மண்டபத்தில் 20,000-இல் தவணை போக 10,100, வீட்டுச் சாப்பாடு. வித்தியாசம் ஆயிரம் ரூபாய். வகுப்பில் இந்த இடத்தில் நிறுத்தி ‘நீங்கள் என்ன செய்வீர்கள்?’ என்று கேட்பேன். பெரும்பாலும் பாதிக்குப் பாதி பிரிகிறார்கள். சென்னை என்பவர்கள் ஐந்து வருடத்துக்குப் பிறகு வரும் சம்பளத்தைச் சொல்கிறார்கள். மண்டபம் என்பவர்கள், அந்தத் தொழிலை அவளைவிட நன்றாகத் தெரிந்த எம்.பி.ஏ. யாரும் இருக்க முடியாது என்கிறார்கள். இரண்டுமே நல்ல வாதம்.

முடிவெடுத்தது வாதம் எதுவும் இல்லை. “உன்னையப் படிக்க வச்சது இங்கயே நின்னு நண்டு நிறுக்கவா தாயி?” என்று அப்பா கேட்டார். அதற்குமேல் அம்மாவும் பேசவில்லை. அவள் சென்னைக்குப் போனாள்.

நோட்டு

போவதற்கு முன் அவள் ஒரு வேலை செய்தாள். தொங்கவிட்டு நிறுக்கிற சின்ன டிஜிட்டல் தராசு ஒன்றும், நாற்பது பக்க நோட்டு ஒன்றும் வாங்கி அப்பாவிடம் கொடுத்தாள். படகிலேயே நிறுத்து எழுத வேண்டும். ஏஜென்ட் சொல்கிற எடையை, அவர் பார்க்கும்போதே பக்கத்துக் கட்டத்தில் எழுத வேண்டும். வாயைத் திறந்து எதுவும் கேட்கக் கூடாது. சண்டை போட்டால் முன்பண உறவு முறியும், அது முறியக் கூடாது என்பதில் அப்பாவும் மகளும் ஒரே கட்சி.

முதல் வாரம் ஏஜென்ட் கிண்டல் செய்தாராம், “என்ன, மக எம்பிஏன்னு நீங்களும் ஆபீசராயிட்டீகளா?” என்று. இரண்டாவது வாரம் பேசவில்லை. மூன்றாவது வாரம் கழிவு கால் கிலோவானது. மழைக்கு முன்னால் ஒருநாள், “சரி விடுங்க, இருக்குற எடையவே போட்டுக்கிருவோம்,” என்றிருக்கிறார். ஒரு நாளைக்கு 415 என்பது 240 ஆனது, வருடத்துக்கு 26,250 மிச்சம். அவளுடைய கல்விக்கடனில் இரண்டரை மாதத் தவணைக்கும் கொஞ்சம் மேல். பக்கத்துப் படகுக்காரர்கள் இரண்டு பேரும் நோட்டு வாங்கியிருக்கிறார்கள். அவர்களுக்கு இன்னும் கழிவு நிற்கவில்லை.

அந்த வருடம் எங்கள் நிறுவனத்தின் புது விளம்பரப் புத்தகத்தில் அவள் படம் வந்தது. அடியில் வங்கியின் பெயர், அதற்குக் கீழே தடித்த எழுத்தில் ‘ஆண்டுக்கு 5.4 லட்சம்’. ராமநாதபுரத்தில் நடந்த ஒரு கல்விக் கண்காட்சியில் யாரோ ஒரு பிரதியை அவள் அப்பாவிடம் கொடுத்திருக்கிறார்கள். அன்று இரவே எனக்கு போன் வந்தது. பின்னால் நோட்டுத் தாள் புரளும் சத்தம் கேட்டது.

“சார், பாப்பாவுக்கு மாசம் முப்பத்திரெண்டாயிரம். பன்னெண்டு மாசத்துக்கு மூணு லட்சத்து எண்பத்து நாலாயிரம்தான வருது? புஸ்தகத்துல அஞ்சு நாப்பதுன்னு போட்டுருக்கீகளே, மீதி ஒண்ணரை லட்சம் எங்க?”

நிறுவனம் தன் பங்காகக் கட்டுகிற பி.எஃப்., பணிக்கொடைக்கு ஒதுக்குவது, மருத்துவக் காப்பீடு, இலக்கை எட்டினால் மட்டும் வருகிற ஊக்கத்தொகை எல்லாவற்றையும் சேர்த்துத்தான் அந்த எண்ணைப் போடுவார்கள் என்று விளக்கினேன். எல்லா இடத்திலும் அப்படித்தான் வழக்கம் என்றும் சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் கேட்டார்.

“அப்ப இதுலயும் எடைக்கழிவு உண்டுங்கிறீக?”